வாசனை வரக் கூடாத பொடி

உமாதேவி பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போகிறவள். உட்காரேன் என்று யாராவது சொன்னால், இதோ இறங்கிவிடுவேன் என்பாள். இறங்க இன்னும் பாதி ஊர் கிடக்கும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ காத்திருக்கிற வேலை. மைசூரில் ஓர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தில், கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்கிறதா இல்லையா என்று பார்ப்பாள். மூடியைத் திறக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. அவள் அந்த அலமாரிக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்து, கூட வேலை செய்கிற சேகரன், "மேடம், நீங்க நடக்கிற சூட்டிலேயே அது வளர்ந்துடும்" என்பான்.

இந்தக் கதை அவள் செய்த ஒரு பொடியால் வந்தது. பொடியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் உங்களை விட்டுவிட்டு நான் மட்டும் ஓடுகிற மாதிரி ஆகிவிடும்.

ஓமத்திலிருந்து இறக்குகிற எண்ணெய் இருக்கிறதே, அது சாப்பாட்டைக் கெடுக்கிற கிருமிகளைப் பெருகவிடாது. ஆனால் தேங்காய்த் துவையலில் அதை அப்படியே ஊற்றினால் இரண்டு தொல்லை. வாயில் வைத்தால் பிள்ளைக்கு வயிற்றுவலிக்குக் கொடுக்கிற மருந்து மாதிரி இருக்கும், அது ஒன்று. இன்னொன்று, எண்ணெயில் பாதி காற்றோடு போய்விடும். மிச்சம் தேங்காயின் எண்ணெய்ப் பசையில் போய் ஒட்டிக்கொள்ளும். கிருமி வளர்வதோ ஈரத்தில். காவல்காரன் உள்வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டால் வாசலை யார் பார்ப்பது?

அதனால் உமாதேவி அந்த எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கி, ஒவ்வொரு துளியையும் வேலம்பிசினுக்குள் அடைத்துக் காயவைத்து, அதன்மேல் கெட்டியான கொழுப்பால் மெல்லிய பூச்சும் கொடுத்தாள். அந்தப் பூச்சுக்கு லேபில் சுவர் என்று பேர். பார்த்தால் ரவையைவிடச் சன்னமான வெள்ளைப் பொடி. மூக்குக்கு நேராகப் பிடித்தாலும் வாசனை வராது. துவையலின் ஈரத்தில் கிடந்து மெல்ல மெல்லக் கசியும். கசிகிறது நாக்குக்குத் தெரியாது, கிருமிக்குத் தெரியும். சுருக்கமாக, வாசனை வராத வரைக்கும்தான் அது பொடி. வாசனை வந்துவிட்டால் சுவர் இடிந்துவிட்டது என்று அர்த்தம்.

லேபில் செய்த துவையல் அந்தப் பொடியோடு நாலு நாள் வெளியிலேயே இருந்தும் கெடவில்லை. ஆனால் லேபில் அரைப்பது ஒரு கைப்பிடித் துவையல். வீட்டுச் சமையலறையில் என்ன ஆகும்? அதைப் பார்க்கத்தான் அவள் சரசுவிடம் போனாள்.

சரசு ஹனூர்ப் பக்கத்துக்காரி. புருஷன் அய்யாசாமி மேஸ்திரி வேலைக்கு மைசூர் வந்து, பன்னிமண்டபம் பக்கம் ஒரு சந்தில் குடியேறியவர்கள். உமாதேவியின் அப்பாவும் அதே கட்டட வேலைக்கு வந்தவர்தான், அந்தப் பழக்கம். சரசு துவையலும் பருப்புப்பொடியும் செய்து கடைகளுக்குப் போடுவாள். புதிதாகப் பெரிய கிரைண்டரும் பெரிய அடுப்பும் வாங்கியிருந்தாள். அவள் துவையலை வாங்குகிறவர்களிடம் தவறாமல் ஒன்று சொல்வாள்: "இன்னிக்கே தீர்த்துருங்கோ. நாளைக்கு வச்சிருந்து என்ற பேரைக் கெடுத்துராதீங்க."

உமாதேவி பொடியைக் கொடுத்துப் படித்துப் படித்துச் சொன்னாள். அரைத்து, ஆறவைத்து, எல்லாம் முடிந்தபிறகு இதைத் தூவிக் கலக்க வேண்டும். ஒரு வாரம் அலமாரியிலேயே இருக்கட்டும், நான் வந்து எடுத்துப் பார்ப்பேன், அதுவரை யாருக்கும் விற்கக் கூடாது. சரசு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திங்கட்கிழமை துவையல் அரைத்தாயிற்று.

புதன்கிழமை விடிந்தும் விடியாமல் உமாதேவி அந்தச் சந்துக்குள் நுழைந்தாள். குழாயடியில் மல்லம்மா குடத்தோடு நின்றாள். கன்னடக்காரி, சரசுவோடு பழகிப் பழகித் தமிழ் பேசுகிறவள்.

"வாங்க மேடம். சரசக்கா வீட்டுல யாருக்கு மகு ஆச்சு? நீங்களாவது சொல்லுங்க. அவங்க வாயே திறக்கல."

"குழந்தையா? யாருக்கு?"

"அதான் நானும் கேக்கறேன். முந்தாநாள் தெரு பூரா ஓம வாசனை! பிள்ளை பெத்த வீடு தோத்துது, போங்க. என் வீட்டுக்காரரு வேற, தொட்டில் கட்டறப்போ சாப்பாடு உண்டான்னு கேட்டுட்டே இருக்காரு."

மல்லம்மா சிரித்தாள். உமாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. வாசனை. தெரு பூரா. செருப்பைக்கூடக் கழற்றாமல் சரசுவின் சமையலறைக்குள் போய் நின்றாள். பிறகு நினைவு வந்து வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தாள்.

"சரசக்கா, பொடியை எப்போ போட்டீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதானுங்க அம்மிணி. அரைச்சு ஆறினப்புறம், கடைசியா."

"அப்படியே தூவிட்டீங்களா?"

சரசு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியே எப்படிங்க போடறது? பச்சைப் பொடிய? அது வயித்துல போயி இழுத்துப் புடிக்காதா? நாலு பேரு சாப்புடறது. ஒரு கரண்டி எண்ணெய் காய வச்சு, கடுகு வெடிச்சதும் அதுல போட்டு ஒரு பெரட்டுப் பெரட்டினேன். அட, என்ன வாசம்கிறீங்க! அப்பத்தான் எனக்கு உங்க பொடி மேல ஒரு நம்பிக்கையே வந்துச்சு. அதைத் தூக்கித் துவையல் மேல கொட்டிக் கலந்தேன்."

தப்பு என்று யாரைச் சொல்வது? எந்தப் பொடியையும் பச்சையாகச் சாப்பாட்டில் சேர்க்காத கை அது. பெருங்காயமானாலும் மஞ்சளானாலும் எண்ணெயைக் கண்டுவிட்டுத்தான் பாத்திரத்துக்குள் போகும். சாப்பிடுகிறவர் வயிற்றுக்குப் பயந்து செய்த காரியம். அந்தப் பயம்தான் கொழுப்புப் பூச்சை உருக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் தெருவுக்கு வாசனையாக அனுப்பிவிட்டது.

"போகட்டும் அக்கா. துவையல் எங்கே? எடுத்துக் கொட்டிடலாம். வேற பொடி தரேன்."

"துவையல் மலைக்குப் போயிருச்சே."

"எந்த மலை?"

"மாதேஸ்வரன் மலைக்குத்தான். இன்னிக்கு அமாவாசை இல்லீங்களா? புது அடுப்புல ஏத்துன முதல் ஈட்ட நாங்க விக்கறதில்லீங்க, சாமிக்குத்தான். நீங்களும் விக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? என்ற வீட்டுக்காரரு நேத்து சாயந்தரம் துவையல் போசியோட பஸ் ஏறிட்டாரு. ராத்திரி ஹனூர்ல எங்க சொந்தக்காரி வினிதா வீட்டுல தங்கல். மத்தியானப் பூசை முடிஞ்சதும் மலைமேல தெரிஞ்சவரு பசவராஜ் கடை வாசல்ல தயிர்ச்சாதத்தோட எலைல வச்சு வர்ற சனத்துக்கெல்லாம்..."

சொல்லிக்கொண்டே வந்த சரசு, உமாதேவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஏனுங்க அம்மிணி?"

"அந்தத் துவையல்ல இப்போ பொடி இல்லை அக்கா. பொடி இல்லாத மூணாம் நாள் துவையல் அது."

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு இருவரும் ஓடினார்கள். கையில் போனை வைத்துக்கொண்டு யாரும் திரியாத காலம். வினிதா வீட்டுக்குப் பக்கத்து உரக்கடையில் எடுத்தார்கள். "அய்யாசாமி அண்ணனா? அவரு வெள்ளெனவே டிராக்டர்ல மலைக்கு ஏறிட்டாருங்களே" என்றது குரல். பசவராஜ் கடையில் போன் கிடையாது. மலையில் சரசுவுக்குத் தெரிந்த ஒரே நம்பர் ஒரு லாட்ஜுடையது. அது அடித்துக்கொண்டே இருந்தது. லேப் ஜீப்பைக் கேட்கலாமென்றால், கையெழுத்துப் போடுகிறவர் வர இன்னும் நேரம் கிடந்தது. உமாதேவி ரிசீவரை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"பஸ்லயே போயிடலாம், வாங்க."

"நானுமா?"

"நீங்க சொன்னாத்தான் அவர் கேப்பார். நான் சொன்னா சிரிச்சுட்டுப் போயிடுவார்."

கொள்ளேகால் பஸ்ஸில் உமாதேவி வழக்கம்போல நின்றாள். சரசு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "நீங்க நின்னா பஸ்ஸு சீக்கிரம் போயிருமாக்கும்?"

உட்கார்ந்தும் கால் ஓயவில்லை, தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. சரசு மடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த அதே துவையல்.

"மோந்து பாருங்கோ. கெட்டிருக்கா, சொல்லுங்கோ."

உமாதேவி முகர்ந்தாள். தேங்காய், வறுத்த மிளகாய், புளி. எல்லாவற்றுக்கும் மேலே ஓமம், மருந்துக்கடை வாசலைத் தாண்டுகிற மாதிரி. கெட்ட வாடை எதுவும் இல்லை.

"பாத்தீங்களா? நேத்து ராத்திரி நான் இதைத் தொட்டுக்கிட்டுத்தான் களி தின்னேன். செத்தா போயிட்டேன்?"

"நேத்து சரி. இன்னிக்கு? அது பெருகறது மூக்குக்குத் தெரியாது அக்கா. மூக்குக்குத் தெரியறப்போ ரொம்ப லேட்டாயிருக்கும்."

"அப்போ உங்க பொடிதான் சரியில்லைங்கிறேன். ஒரு எண்ணெய்ச் சூட்டத் தாங்காத பொடி என்ன பொடி? கடுகு தாங்குது, உளுத்தம்பருப்பு தாங்குது."

உமாதேவிக்குச் சுருக்கென்றது. சரசு விடவில்லை.

"மலைல அத்தனை சனத்துக்கு முன்னால போயி, சரசு செஞ்சது கெட்டுப்போச்சுன்னு சொல்லணுமா நானு? இருபது வருசமா அந்த மலைக்குப் போறேன். அந்தப் பேரோட அப்புறம் என்னத்த விக்கறது?"

"நான் ஒண்ணு கேக்கறேன். பொடியே போடாம அரைச்ச துவையல், முந்தாநாளுது. அதை நீங்க யாருக்காவது கொடுப்பீங்களா?"

சரசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரும்பு வண்டிகள் போயின. டி.நரசிப்புரம் தாண்டி வெகுதூரம் போனபிறகு, திரும்பாமலே சொன்னாள்.

"கொடுக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு சரசுவின் காலும் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

கொள்ளேகாலில் பஸ் மாறினார்கள். ஹனூருக்கு முன்னால் சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. டிரைவர் ஹாரனை அடித்தார். சரசு எழுந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏப்பா, நீ பொண்ணு பாக்கவா போற? ஓரங்கட்டுப்பா!" என்று கத்தினாள். டிராக்டர்க்காரன் நிதானமாக ஓரங்கட்டினான். மலை ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு வளைவு பஸ் இறைத்தது. உமாதேவி எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டாள். இந்த முறை சரசு அவளை இழுக்கவில்லை. தானும் பின்னால் போய் நின்றாள்.

மலையில் அமாவாசைக் கூட்டம். சேலம், மேட்டூர், ஈரோடு என்று தமிழ்க்குரல்கள் ஒரு பக்கம், கன்னடக் குரல்கள் ஒரு பக்கம். பூசை மணி ஓய்ந்திருந்தது. பசவராஜ் கடை முன்னால் வரிசை தேங்காய்க்கடைகளைத் தாண்டி நீண்டிருந்தது. அய்யாசாமி குளித்து விபூதி பூசி, இலையில் தயிர்ச்சாதம் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பசவராஜ், கையில் துவையல் கரண்டி.

"வைக்காதீங்க!" என்றாள் சரசு. ஓடி வந்ததில் குரல் பாதிதான் வந்தது. கரண்டியைப் பிடுங்கினாள்.

"ஏனக்கா இது? ஜனம் நிக்குது பாருங்க" என்றார் பசவராஜ்.

அய்யாசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ எங்கடி இங்க? யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் வந்தேன். துவையல வைக்க வேண்டாம். கெட்டிருக்கும்."

"கெட்டிருக்குமா? நல்லாத்தான இருக்குது. அதும் சாமிக்கு வச்சு எடுத்தாச்சு. பிரசாதம்டி இது. கொட்டச் சொல்றியா?"

வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. முன்னால் நின்ற ஒருவர், "என்னங்க, துவையல் உண்டா இல்லையா?" என்றார். உமாதேவி ஏதோ விளக்கப் போனாள், கிருமி, சூடு என்று ஆரம்பித்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. சரசு போசியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"துவையல் கிடையாதுங்க. செஞ்சவ நான்தான், என்ற கைப்பிசகு. வயித்துக்கு ஆகாது. தயிர்ச்சாதம் நல்லா இருக்கு, வாங்கிக்கோங்கோ. பசவண்ணா, உங்க கடைல ஊறுகாய் இருக்குதில்ல? எடுத்து வைங்கோ."

ஒருவர் சிரித்தார். ஒருவர், "மலைக்கு வந்தும் இப்படியா" என்றார். சரசுவின் காது சிவந்துபோனது, ஆனால் நிற்கவில்லை. கடைக்குப் பின்னால் போனாள். அய்யாசாமி பின்னாலேயே வந்தார்.

"பிரசாதத்தக் கொட்டினா..."

"கொட்டலை. கடப்பாரை வாங்கிட்டு வாங்க. மண்ணுக்குள்ள வச்சு மூடிடலாம். சாமி மண்ணுதானே? வெளியே போட்டா கொரங்கு தின்னுட்டு அதுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

அய்யாசாமி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு கடப்பாரை வாங்கி வந்து தானே குழி வெட்டினார். மண் மூடியபின் மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். உமாதேவி கேட்டாள்.

"யாருக்காவது வச்சிட்டீங்களா?"

"ஒரு குடும்பத்துக்கு" என்றார் அய்யாசாமி. "முதல் எலைங்க அவங்களுக்குத்தான். கொளத்தூர்க்காரங்க. குளிக்கிற துறைப் பக்கம் போனாங்க."

நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும், உமாதேவி அந்தத் துறைக்கு நடந்து போகவில்லை. ஈரத் துணிகளுக்கும் மொட்டைத் தலைகளுக்கும் நடுவே, இலை பிரித்துச் சாப்பிடுகிற ஒவ்வொரு குடும்பத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டே ஓடினாள். ஒரு மரத்தடியில், வெறும் தயிர்ச்சாதம் தின்றுகொண்டிருந்த பிள்ளைகளைக் கண்டாள். இலை ஓரத்தில் துவையல் ஒதுங்கிக் கிடந்தது.

"இதைச் சாப்பிட்டீங்களா?"

"சீ" என்றாள் பெரிய பெண். "தம்பிக்கு வயித்து வலிக்கு ஊத்துவாங்களே, அந்த வாசனை."

அவர்களுடைய அம்மா சித்தம்மா சிரித்தாள். "நானும் வாய்ல வச்சுட்டுத் துப்பிட்டேனுங்க. பிள்ளை பெத்தப்போ குடிச்ச கசாயம் ஞாபகம் வந்துருச்சு. பிரசாதமாச்சேன்னு சொல்லாம இருந்தோம். ஏன், ஏதாச்சும்?"

பொடி கெட்டதால் வந்த வாசனையே பிள்ளைகளைத் தடுத்திருக்கிறது. அவளுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. சிரிப்பும் வந்தது. அதற்குள் சித்தம்மா சொன்னாள்:

"ஆனா இவரு தின்னுட்டாரு. எங்க எலைல இருந்ததையும் சேர்த்து."

மரத்துக்கு அந்தப் பக்கம் துண்டை விரித்துப் படுத்திருந்த லிங்கப்பன் எழுந்து உட்கார்ந்தார். நல்ல பருமன். "நல்லாத்தானுங்க இருந்துச்சு. சாப்பிட்டதும் ஏப்பம் ஜம்முனு வந்துச்சு. இன்னுங் கொஞ்சம் இருக்குங்களா?"

சரசு அவர் எதிரில் உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னாள். முந்தாநாள் அரைத்தது, கெட்டிருக்கலாம், வயிறு கலங்கினாலோ வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லிங்கப்பனின் முகம் மெல்ல மாறியது. வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"இப்போ லேசா என்னமோ பண்ணுதே."

"அது பயம்" என்றாள் சித்தம்மா. "ஊரு எலையெல்லாம் வழிச்சுத் தின்னப்போ பண்ணலையா?"

அவர்கள் பஸ் கிளம்பும்வரை உமாதேவியும் சரசுவும் அந்த மரத்தடியை விட்டுப் போகவில்லை. உமாதேவி உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சத்துக்கு ஒருதரம் எழுந்துபோய் லிங்கப்பனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். "நீங்க இப்படிப் பாத்தா நல்லா இருக்கறவனுக்கும் காய்ச்சல் வந்துருமுங்க" என்றார் அவர். மேட்டூர் பஸ் வந்தது. லேப் நம்பரை எழுதிக் கொடுத்து, நாளைக்குக் கட்டாயம் போன் பண்ண வேண்டும் என்று சித்தம்மாவிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பினாள். நல்லதோ கெட்டதோ, ஒரு இரவு போக வேண்டும். அதைச் சீக்கிரமாக்க வழியில்லை.

திரும்பும் பஸ்ஸில் சரசு கழுவிய போசியை மடியில் வைத்திருந்தாள்.

"வரிசைல ஒரு கிழவன் என்ன சொன்னான் தெரியுங்களா? கெட்டதக் கொடுக்காம நிறுத்துனியே, அடுத்த அமாவாசைக்கு நல்லதக் கொண்டாந்துரு தாயின்னான். கிண்டல் பண்றானா, நெசமா சொல்றானான்னே தெரியல."

உமாதேவி வேறெங்கோ இருந்தாள். "அக்கா, கடுகு வெடிக்கிறப்போ எண்ணெய் எவ்வளவு சூடா இருக்கும்?"

"கையை விட்டா பாத்தேன்?"

"நாளைக்குத் தெர்மாமீட்டர் கொண்டு வரேன்."

"எதுக்கு? இனி தூவியே போட்டுடறேன். மாரியாத்தா சத்தியமா."

"நீங்க தூவுவீங்க. இன்னொருத்தங்க தாளிப்பாங்க. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நான் போய் நிக்க முடியுமா? சூட்டுக்கு இடியாத சுவரா கட்டணும். எண்ணெய்ல உருகாம, ஈரத்துக்கு மட்டும் கசிய விடற மாதிரி."

சரசு யோசித்தாள். "கட்டுனா, நான் தாளிச்சுக் காட்டறேன். மல்லம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாம. அவ வந்து மகு எங்கேன்னு கேக்காம இருந்தா, சரியாயிருச்சுன்னு அர்த்தம்."

மறுநாள் லேபில் போன் மணி அடித்தபோதெல்லாம் உமாதேவி ஓடினாள். ஒருமுறை ஸ்டோர்ஸிலிருந்து. ஒருமுறை யாரோ ராங் நம்பர். சரசு வீட்டு டப்பாவிலிருந்து எடுத்து ராத்திரியே பூசிவைத்த கண்ணாடித் தட்டில், மதியத்துக்குள்ளேயே வெள்ளைப் புள்ளிகள் கொத்துக் கொத்தாக முளைத்துவிட்டிருந்தன. லேபில் செய்த பொடித் துவையலின் தட்டில் ஒன்றிரண்டுகூட இருந்ததில்லை. அவள் அதைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், வராந்தாவில் நடந்தாள். சேகரன் இந்த முறை கிண்டலை விட்டுவிட்டான். அவனும் கூடவே நடந்தான்.

வெயில் சாய்கிற நேரத்தில் மணி அடித்தது. சித்தம்மா.

"மேடமுங்களா? ராத்திரி ரெண்டு தரம் வெளியே போனாருங்க. இவரு பொழைக்க மாட்டாருன்னு இவரே அழுது, எங்களையும் அழ வச்சுட்டாரு. அந்த உப்புத் தண்ணியத்தான் குடிச்சிட்டே இருந்தாரு. காலைல நின்னுருச்சு. இப்போ..."

பின்னாலிருந்து லிங்கப்பனின் குரல் கேட்டது. "பசிக்குதுன்னு சொல்லு! அந்த அக்கா அடுத்த அமாவாசைக்கு வராங்களான்னு கேளு!"

"கேட்டீங்களா?" என்றாள் சித்தம்மா.

"கேட்டுது" என்றாள் உமாதேவி.

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் வைத்த டீ ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. எடுத்து ஒரு வாய் குடித்தாள். பிறகு எழுந்து, அலமாரியில் நீளமான தெர்மாமீட்டரைத் தேட ஆரம்பித்தாள்.